லைன்மேனின் நோட்டில் இருந்த எண்

இருபத்தாறு வருஷம் மலாக்கா டவுனின் டெலிபோன் மேன்ஹோல்களில் இறங்கி ஏறியவர் லைன்மேன் கலியாணசுந்தரம். செத்த எலி, அழுகிய டுரியான் தோல், எவனோ வீசிய அழுக்குத் துணி, இடுப்பளவு கறுப்புத் தண்ணீர், இத்தனைக்கும் நடுவில் குந்திக்கொண்டு செம்புக் கம்பியை முறுக்கியிருக்கிறார். ஒரு நாளும் அவருக்குக் குமட்டியதில்லை. மேலே வந்து கார்பாலிக் சோப்பு போட்டு மூன்று தடவை கை கழுவுவார், அதே கையால் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடுவார். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஐம்பதாவது வயதில், பளபளவென்று கழுவித் துடைத்த ஒரு கோயில் மண்டபத்தில் வயிற்றைப் புரட்டியது.

பிறந்தது நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா வருஷம், ஆகஸ்ட் மாதக் கடைசியில். அப்பா நகராட்சிக்கு வாளி தூக்கியவர். கக்கூஸில் சங்கிலி இழுத்தால் தண்ணீர் வருகிற வசதி பெரிய வீடுகளுக்கு மட்டும் இருந்த காலம் அது. விடியுமுன் வீடு வீடாகப் பின்பக்கம் போய் வாளியை எடுத்து வண்டியில் கொட்ட வேண்டும். அதைச் சொல்லிக்கொள்ளக் கலியாணசுந்தரம் என்றைக்கும் கூசியதில்லை. "ஊரான் பேண்டது சோப்பு போட்டா போயிரும்டா" என்று அப்பா சொல்வாராம். சோப்பு போட்டும் போகாத சரக்கு ஒன்று உலகத்தில் உண்டு என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எழுபத்தேழில் தொலைபேசி வேலையில் சேர்ந்தார். அங்கேதான் அவருக்குத் தலைக்கனம் வந்தது. டவுனில் எந்த நம்பரைச் சொன்னாலும் அது எந்தச் சாலை, எத்தனையாவது தூண், எந்த வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போகிறது என்று காபிக் கடையில் உட்கார்ந்தபடியே சொல்வார். ஒரு நம்பருக்கு ஒரு ஜோடிக் கம்பி, ஒரு ஜோடிக் கம்பிக்கு ஒரு வீடு. கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் வாசற்படியில் போய் நிற்கலாம். ஒரு தடவை உஜோங் பாசிரில் ஒரு பெண்ணுக்குத் தினமும் ஆபாசமாகப் போன் வந்தது. மேலதிகாரி சொன்னதும் இவர் கம்பியைத் தொடர்ந்து போய், கௌரவமாக வாழ்ந்த ஒரு கணக்கப்பிள்ளையின் வீட்டைக் காட்டிக் கொடுத்தார். அந்த ஆள் அன்றைக்கே ஒப்புக்கொண்டான். அதிலிருந்து, நம்பர் பொய் சொல்லாது என்பது இவருக்கு வேதவாக்காகிவிட்டது.

விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்தபோது மனைவி அஞ்சலைக்குத்தான் கஷ்டம். சமையலறை சுவிட்ச் ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டுகிற மனிதரை வைத்துக்கொண்டு எந்தப் பெண் குடும்பம் நடத்துவாள்? நல்லவேளையாக அவர்கள் குடியிருந்த காஜா பேராங் பக்கம் கேபிள் இண்டர்நெட் வந்தது. தூணிலிருந்து தடித்த கறுப்பு வயரை வீட்டுக்குள் இழுத்து, மோடம் என்ற சின்னப் பெட்டியில் மாட்டி, அதைக் கம்ப்யூட்டரில் இணைக்கிற வேலை. கேபிள் கம்பெனியின் வேலையைக் குத்தகை எடுத்திருந்த ஆபீஸ் புக்கிட் பாருவில் இருந்தது. தூண் ஏறத் தெரிந்த ஆள் வேண்டுமென்று இவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மோடம் விளக்குகள் நிலையாக எரிந்ததும், கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்து ஒரு வார்த்தை தட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு துண்டு எண் ஒன்று வரும். அது வந்துவிட்டால் வீட்டுக்கு இண்டர்நெட் வந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவோடு கிளம்பிவிடலாம். ஆனால் நம் லைன்மேனுக்குக் கை சும்மா இருக்குமா? பழைய பழக்கம். நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, தேதி, வீட்டுக்காரர் பெயர், வீட்டு எண், தூண் எண், கடைசியில் திரையில் வந்த அந்த எண் என்று வரிசையாக எழுதி வைத்தார். எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. முதல் மூன்று துண்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே இருந்ததால் கடைசித் துண்டை மட்டும் சிவப்பு மையில் எழுதினார்.

வேலை முடிந்து கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே புத்திமதி சொல்வார்: "இடி இடிச்சா இல்ல வெளியூர் போனா, ரெண்டு பிளக்கையும் கழட்டி வெச்சிருங்க. இல்லன்னா பெட்டி கருகிரும்." மலாக்காவின் மழைக்கு அது நல்ல புத்திமதிதான். அதுவே பின்னால் என்ன வேலை செய்தது என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். நாட்டுக்கு ஐம்பது வயது, கலியாணசுந்தரத்துக்கும் ஐம்பது. ஜூலையிலேயே கார்களில் கொடி ஏறிவிட்டது. அவர் வீட்டுச் சாலைக்குப் பின்னால் இருந்த அம்மன் கோயில் நிர்வாகமும் நவீனமாகிவிட வேண்டுமென்று ஓர் இணையப் பக்கம் போட்டிருந்தது. பூஜை நேரம், நன்கொடையாளர் படம், எல்லாவற்றுக்கும் நடுவில் தலைவர் நடராஜனின் சிரித்த முகம். அடியில் வருகிறவர்கள் கருத்து எழுத ஓர் இடம். பெயர் போடாமலும் எழுதலாம். ஆனால் எழுதிய கம்ப்யூட்டரின் எண் மட்டும் தானாகவே கீழே சின்ன எழுத்தில் விழும்.

ஜூலை பதினான்காம் தேதி சாயங்காலம் எவனோ, அல்லது எவளோ, அந்த இடத்தில் வாந்தி எடுத்து வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் சீதாவைப் பற்றி எட்டு வரி. புருஷனை இழந்து இரண்டு வருஷம் ஆகாத பெண். என்ன எழுதியிருந்தது என்பதைத் திருப்பிச் சொல்ல நாக்கு வராது. சொல்லவும் வேண்டாம். நிர்வாகம் அதை அழிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று நாளில் கோயில் பக்கம் கால் வைக்காதவர்கள்கூடத் தேடிப் போய்ப் படித்தார்கள். "சே, கர்மம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை படித்தார்கள். சீதா அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

நடராஜன் அந்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கலியாணசுந்தரத்தின் வீட்டுக்கே வந்தார். அறுபது வயது, நகைக் கடைக்காரர், யார் வீட்டுக்குப் போனாலும் நடு நாற்காலியில் உட்காருகிறவர்.

"சுந்தரம், நம்பருன்னா நீங்கதான். இது எந்த வீடுன்னு பாத்துச் சொல்லுங்க."

"போலீஸ்ல ரெப்போட் பண்ணலியா?"

"கோயில் விஷயம் வெளிய போனா மானம் போயிரும்லா. நாமளே முடிச்சிக்குவோம்."

கலியாணசுந்தரம் காகிதத்தைப் பார்த்தார். முதல் மூன்று துண்டும் நம் பகுதி எண்ணேதான். கடைசித் துண்டு நூற்று நாற்பத்தேழு. உள்ளே போய் நீல நோட்டை எடுத்து வந்து விரலை ஓட்டினார். ஆறாவது பக்கத்தில் சிவப்பு மையில் நூற்று நாற்பத்தேழு இருந்தது. தேதி மார்ச் பத்து. பெயர் கோகிலா.

அவருக்கே கொஞ்சம் திக்கென்றது. கோகிலா, கோயில் கொட்டகையில் நடக்கிற பாலர் பள்ளியின் டீச்சர். முப்பத்தெட்டு வயது, புருஷனை விட்டு விலகித் தனியாக இருப்பவர், பதினோரு வருஷமாக அந்தப் பள்ளிதான் அவருடைய உலகம். பெண்கள் கழிவறைக்குக் கதவு இல்லையே என்று இரண்டு கூட்டத்தில் எழுந்து கேட்டவர் என்பதால் நிர்வாகத்துக்கு அவரைக் கண்டால் ஆகாது. நடராஜன் பெயரைப் படித்துவிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். ஆனால் வாயோரத்தில் ஒரு திருப்தி கசிந்தது. கலியாணசுந்தரம் அதைப் பார்த்தார். பார்த்தும் நோட்டை மூடவில்லை.

"டீச்சரு இப்படி எழுதுற ஆளு இல்லங்க," என்று ஒப்புக்குச் சொன்னார்.

"நம்பர் பொய் சொல்லுமா?"

அது இவருடைய வேதவாக்கு. கணக்கப்பிள்ளை கதையைச் சொல்லும்போதெல்லாம் இவர் கடைசியாகக் கேட்கிற கேள்வி. இவர் வாயிலிருந்து எடுத்து இவருக்கே திருப்பிக் கொடுத்தார் நடராஜன். "பொய் சொல்லாது" என்று கலியாணசுந்தரம் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோகிலாவை மண்டபத்தில் நிறுத்தினார்கள். நிர்வாகத்தார் ஏழு பேரும் நாற்காலியில், அவர் மட்டும் நின்றுகொண்டு. கலியாணசுந்தரம் நோட்டோடு தூண் ஓரமாக. நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டல்லவா, தகராறு என்று வந்தால் சாமி முன்னால் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது. தட்டில் சூடம் வைத்துக் கோகிலா முன்னால் நீட்டினார்கள்.

"அந்த நம்பர் ஒங்க வீட்டு நம்பர் இல்லன்னு சத்தியம் பண்ணுங்க," என்றார் நடராஜன்.

கோகிலா தட்டைப் பார்த்தார். "நா அத எழுதலன்னு சத்தியம் பண்றேன். இப்பவே பண்றேன்."

"நா கேட்டது அது இல்ல. நம்பர் ஒங்களுதா இல்லியா?"

"அண்ணே மார்ச்சுல வந்து மாட்டுனப்ப எங்க வீட்டுல அந்த நம்பர்தான் வந்திச்சின்னு நோட்டுல எழுதியிருக்காரு. அப்புறம் எப்படி சாமி முன்னால இல்லன்னு சொல்றது? எனக்கு அந்த நம்பரப் பத்தி ஒண்ணும் தெரியாது. எழுதுனது நா இல்ல. அதுக்குச் சூடம் அடிக்கிறேன்."

"கேட்டதுக்கு மட்டும் சத்தியம் பண்ணணும்."

பொய் சொல்ல மனம் வராத ஒரே காரணத்துக்காக அந்தப் பெண் தட்டைத் தொடவில்லை. தொடாததையே ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள். இதைவிட அசிங்கமான நியாயம் ஒன்றை எந்த ஊரிலாவது பார்த்ததுண்டா? மண்டபத்தை விட்டு இறங்குமுன் கோகிலா ஒரு தடவை தூண் பக்கம் திரும்பிப் பார்த்தார். கலியாணசுந்தரம் நோட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கண்ணாடிப் பலகைக்குள் அறிக்கை ஒட்டியாயிற்று. இணையத்தில் இழிவாக எழுதிய கம்ப்யூட்டரின் எண் நூற்று நாற்பத்தேழு, திருமதி கோகிலா இல்லத்துக்கு உரியது, பாலர் பள்ளியிலிருந்து அவர் நீக்கப்படுகிறார். கீழே, கண்டுபிடித்து உதவிய ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர் கலியாணசுந்தரத்துக்கு நன்றி. மெர்டேக்கா அன்று கோயிலில் கொடியேற்றிவிட்டு அவருக்குப் பொன்னாடையும் போடப்போகிறார்கள். கோகிலாவின் வேலிக்குள் யாரோ அழுகிய மீன் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். நேற்று வரை "டீச்சர், டீச்சர்" என்று சேலை முந்தானையைப் பிடித்த பிள்ளைகளைத் தாய்மார்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது மறுபக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் கலியாணசுந்தரமும் அஞ்சலையும் குளுவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். போகுமுன் ஊருக்குச் சொன்ன புத்திமதிப்படி மோடத்தையும் கம்ப்யூட்டரையும் கழற்றி வைத்தார். ஐந்து நாள் கழித்து வந்து மாட்டினால் எதுவும் திறக்கவில்லை. மோடத்தை ஒரு தடவை அணைத்துப் போட்டு, பழக்க தோஷத்தில் கறுப்புக் கட்டத்தைத் திறந்து அந்த வார்த்தையைத் தட்டினார். எண் வந்தது. கடைசித் துண்டு நூற்று நாற்பத்தேழு.

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நோட்டின் முதல் பக்கத்தில் சொந்த வீட்டுக்கு எழுதியிருந்தது அறுபத்திரண்டு. திரையில் நூற்று நாற்பத்தேழு. தூணுக்குப் போய் வயரைப் பார்த்தார். எவரும் தொடவில்லை, அவர் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. வயர் மாறவில்லை, வீடு மாறவில்லை, எண் மட்டும் நடந்து வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது. திரும்ப வந்து நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாச்சு?" என்றார் அஞ்சலை.

"தப்புப் பண்ணிட்டேன் போல இருக்கு."

அன்று மத்தியானமே புக்கிட் பாரு ஆபீசுக்குப் போனார். அங்கே இணைப்புகளைக் கவனிக்கிறவர் நஜ்முன்னிசா, நாற்பதை நெருங்கும் பெண், ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசக் கூடியவர். இவர் நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்ததும் அந்த அம்மா முகத்தைச் சுளித்தார்.

"இத எதுக்குண்ணே எழுதி வச்சிருக்கீங்க? இது அன்னைக்கு மட்டும்தான் உண்மை."

"ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் இல்லியா?"

"டெலிபோன் மாதிரி நெனச்சிட்டீங்களா? இல்லண்ணே. கம்பெனிகிட்ட இந்த ஏரியாவுக்குன்னு ஒரு கட்டு நம்பர் இருக்கு. ஒங்க கம்ப்யூட்டரு தொறந்ததும் வயர் வழியா கேக்கும், எனக்கு ஒரு நம்பர் குடுங்கன்னு. அங்க உள்ள மெஷின் சும்மா கெடக்குறதுல ஒண்ண எடுத்துக் குடுக்கும். சொந்தமா இல்ல, இரவலா. இத்தன மணி நேரத்துக்குன்னு கெடு வச்சி."

"கெடு முடிஞ்சா?"

"பாதிக் கெடு ஆனதும் ஒங்க கம்ப்யூட்டரே, இன்னும் வச்சிக்கவான்னு கேட்டுக்கும். சரின்னுடும். அணைக்காம வச்சிருந்தா மாசக் கணக்குல அதே நம்பர் இருந்தாலும் இருக்கும். ஆனா பிளக்கக் கழட்டிட்டு நாலு நாள் ஊருக்குப் போயிட்டீங்கன்னா கேக்க ஆளு இல்ல. நம்பர் கட்டுக்குத் திரும்பிரும். அடுத்து எந்த வீட்டுல கேக்குறாங்களோ அங்க போயிரும். ஜெனரல் ஆஸ்பத்திரில பன்னெண்டாம் நம்பர் கட்டில் இல்லியா? மார்ச்சுல படுத்தவங்க பேர வச்சிக்கிட்டு, ஜூலைல பன்னெண்டாம் நம்பர்க்காரன் திருடிட்டான்னு சொன்னா எப்படி?"

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் கோகிலா தம்பி வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தது காஜா பேராங்குக்கே தெரியும். ரெண்டு பிளக்கையும் கழட்டி வெச்சிருங்க என்று அவரிடம் சொன்னது யார்?

"ஜூலை பதினாலு சாயங்காலம் அது யாருகிட்ட இருந்திச்சின்னு கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியும். எந்த நம்பர் எந்த நேரத்துல எந்த மோடத்துகிட்ட இருந்திச்சின்னு கம்பெனில பதிவு இருக்கும். ஆனா போலீஸ் கடிதம் இல்லாம ஒருத்தருக்கும் காட்ட மாட்டாங்க. ரெப்போட் குடுக்கச் சொல்லுங்க. சூசா ஒண்ணும் இல்ல, லேசுதான், ஒரு நாள் வேலை." நஜ்முன்னிசா நோட்டை விரல் நுனியால் இவர் பக்கம் தள்ளினார். "யாரையாச்சும் மாட்டி விட்டுட்டீங்களாண்ணே?"

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நின்று மூன்று தடவை கை கழுவினார். அது போதவில்லை என்று நாலாம் தடவையும் கழுவினார்.

அதே சாயங்காலம் நிர்வாகத்தார் ஏழு பேரும் மெர்டேக்கா விழாவுக்காக மண்டபத்தில் கூடியிருந்தார்கள். மேசையில் பிஸ்கட்டும் கோப்பியும். கலியாணசுந்தரம் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். இரவல் எண், கெடு, கட்டில் உவமை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "அந்த நம்பர் இப்ப எங்க வீட்டுல இருக்கு. வந்து பாருங்க. டீச்சர நிப்பாட்டுன எடத்துல என்னையும் நிப்பாட்டுங்க, சூடத்தட்ட நீட்டுங்க," என்றார்.

ஒருவர் சிரித்தார். அதைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒங்களப் போயி யாராச்சும் சந்தேகப்படுவாங்களா சுந்தரம்?" என்றார் நடராஜன். "ஒங்கள எங்களுக்குத் தெரியாதா? மெஷின்ல ஏதோ கோளாறு."

"எங்க வீட்டுல இருந்தா கோளாறு. அவங்க வீட்டுல இருந்தா குத்தமா?"

"அதயும் இதயும் போட்டுக் கொழப்பாதீங்க. அந்தம்மா சத்தியம் பண்ணல. அது எல்லாரும் பாத்தது."

"பொய்ச் சத்தியம் பண்ணல. போலீஸ்ல ரெப்போட் குடுங்க, ஒரு நாள்ல தெரிஞ்சிரும்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பிஸ்கட் தட்டை ஒருவர் மற்றவருக்கு நகர்த்தினார். "எதுக்கு அதெல்லாம்?" என்றார் நடராஜன், குரலைத் தாழ்த்தி. "புது டீச்சர் வந்து ரெண்டு வாரமாச்சி. பிள்ளைங்க பழகிருச்சி. எல்லாரும் மறந்துட்டாங்க. நீங்களும் விடுங்கலா. பொன்னாடைக்குச் சொல்லியாச்சி, தங்கச் சரிகை."

அப்போதுதான் குமட்டியது. நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது. உண்மை எது என்பதில் அந்த ஏழு பேருக்கும் எள்ளளவு ஆர்வமும் இல்லை. சீதாவுக்காக அவர்கள் கோபப்படவே இல்லை. அந்த எட்டு வரியைத் துடைக்க ஒரு துணி தேவைப்பட்டது, தனியாக இருந்த ஒருத்தி கைக்கு அகப்பட்டாள், துடைத்துப் போட்டுவிட்டார்கள். எடுத்துக் கொடுத்த கை யாருடையது? கலியாணசுந்தரம் மண்டபத்தைவிட்டு வெளியே ஓடி வாய்க்கால் ஓரத்தில் வாந்தி எடுத்தார். அவர் அப்பா வாளி தூக்கிய காலத்தில்கூட அந்தக் குடும்பத்தில் யாரும் வாந்தி எடுத்ததில்லை.

மறுநாள் காலை கோகிலாவின் வேலிக்கு வெளியே போய் நின்றார். முற்றத்தில் இன்னும் மீன் நாற்றம் போகவில்லை. கோகிலா கதவைத் திறந்து நின்றபடியே கேட்டார். இவர் சொல்லி முடித்து, "என்ன மன்னிச்சிரும்மா" என்றார்.

"நம்பர் மாறும்னு எனக்கும் அன்னைக்குத் தெரியாதுண்ணே. ஒங்களுக்கும் தெரியாது. அத நா ஒண்ணும் சொல்லல." குரல் உயரவே இல்லை. "நோட்டப் பாத்தீங்க. அந்த நோட்ட எடுத்துக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்து, டீச்சர் நீங்களா எழுதுனீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலாவது வீடு. அத ஏன் கேக்கல?"

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மெர்டேக்கா அன்று காலை கோயில் வாசலில் கொடியேற்றி, நாட்டுப்பண் பாடி, பொங்கல் கொடுத்தார்கள். இருநூறு பேர் இருக்கும். பொன்னாடையைத் தோளில் போட்டதும் கலியாணசுந்தரம் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். நன்றி சொல்லப்போகிறார் என்று கொடுத்துவிட்டார்கள். அவர் பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சூடத்தை எடுத்துத் தட்டில் ஏற்றினார்.

"கோகிலா டீச்சர் வீடுன்னு நா காட்டுனது தப்பு. அந்த நம்பர் வீடு வீடா சுத்துற நம்பர். இப்ப அது எங்க வீட்டுல இருக்கு. டீச்சர் எழுதுனாங்கன்னு சொல்ல என்கிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. நிர்வாகத்துக்கு இது ரெண்டு வாரமாத் தெரியும். போலீஸுக்குப் போகவும் மாட்டேங்கறாங்க. இது சத்தியம்." உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். தோல் கருகிய வாடை முன் வரிசைக்கு வந்தது.

கூட்டம் கொந்தளிக்கும், நடராஜன் தலைகுனிவார் என்று நினைத்திருந்தாரோ என்னவோ. ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் கையில் பொங்கலோடு நின்றார்கள். பின் வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "அப்ப இவருதான் எழுதுனதா?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வி பொங்கலோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காபிக் கடையில் அவர் மேசைக்கு யாரும் வரவில்லை. இண்டர்நெட் மாட்டக் கூப்பிட்டிருந்த மூன்று வீடுகள் வேண்டாம் என்று ஆபீசுக்குப் போன் பண்ணிவிட்டன. அதே வாரத்தில் கண்ணாடிப் பலகையில் பழைய தாள் போய்ப் புதுத் தாள் ஏறியது. எண் நூற்று நாற்பத்தேழு தம் இல்லத்தில் இருப்பதாகத் திரு. கலியாணசுந்தரம் தாமே ஒப்புக்கொண்டுள்ளார், இனி அவருக்கும் கோயிலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடியில் நடராஜனின் கையெழுத்து. பதினைந்து நாள் முன்னால், ஒங்கள எங்களுக்குத் தெரியாதா என்று சிரித்த அதே ஆள்.

அஞ்சலை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை உடைக்கக் கல்லைத் தேடினார். கலியாணசுந்தரம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. அது அங்கயே இருக்கட்டும். என் பேரு உள்ள இருக்குற வரைக்கும் டீச்சரு பேரத் திரும்ப ஒட்ட மாட்டாங்க."

"அதுக்காக ஒங்க பேரு நாறணுமா?"

"அவங்க பேரு ஒரு மாசம் நாறுச்சே. நாந்தானே மேல ஊத்தினேன்."

பாலர் பள்ளிக்குக் கோகிலாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டார். அந்த எட்டு வரியை எழுதியவர் யாரென்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. கடைசி வரைக்கும் எவரும் போலீசுக்குப் போகவில்லை. சீதா தங்காக் பக்கம் அக்கா வீட்டோடு போய்விட்டார். எழுதிய நாய் இன்றும் வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று விபூதி வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

செப்டம்பர் கடைசியில் கோகிலாவிடமிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. இண்டர்நெட் வேண்டாம், கழற்றிக்கொண்டு போகவும். அந்தச் சாலைக்கு இவர்தான் ஆள். போனார். கோகிலா கதவைத் திறந்து விட்டுவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார். கலியாணசுந்தரம் மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்து மோடத்தைக் கழற்றினார், ஜன்னல் ஓட்டை வழியாக வயரை வெளியே இழுத்தார், தூணில் ஏறிக் கட்டை அறுத்தார், இறங்கி வந்து சுவரிலிருந்த ஓட்டையை மக்கு வைத்து அடைத்தார். சட்டைப் பையில் நோட்டு இல்லை. அதை மெர்டேக்கா அன்றே குப்பையில் போட்டுவிட்டார்.

வழக்கமாக வேலை முடிந்ததும் எந்த வீட்டிலும் கை கழுவத் தண்ணீர் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை. மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வேலியைத் தாண்டும்போது திறந்த கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தார். கோகிலா ஒரு வாளித் தண்ணீரில் டெட்டால் ஊற்றி, அவர் உட்கார்ந்து வேலை செய்த நாற்காலியையும் கை வைத்த மேசையையும் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை துடைத்தார். கலியாணசுந்தரம் எண்ணிக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு நடந்தார்.